சந்தனம் பூசிய ஜெர்மன் பிஸ்டல்

1957-ம் வருடம் புரட்டாசி மாதம், விஜயதசமி முடிந்து நாலைந்து நாள் இருக்கும். திருச்செங்கோட்டிலிருந்து மல்லசமுத்திரம் போகிற வழியில், சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருந்த ஒரு தோட்டத்து வீட்டில் இது நடந்தது. அந்த வீட்டுக்காரர்கள் இன்றும் அங்கேதான் நன்றாக இருக்கிறார்கள். அதனால் ஊர்ப் பெயரையோ ஆட்கள் பெயரையோ நான் எழுதவில்லை.

சேலத்தில் துப்பாக்கியும் தோட்டாவும் விற்கிற ஒரு கடையில் நான் குமாஸ்தா. லைசென்ஸ் எண், துப்பாக்கி எண், என்ன ரகம், எந்த நாட்டுச் சரக்கு என்பதையெல்லாம் சரிபார்த்துப் பதிந்து வைப்பது என் வேலை. பல வருடம் இதையே செய்ததில், ஒரு துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் அது எங்கே செய்தது, எண் எந்த மூலையில் பொறித்திருக்கும் என்று சொல்லுகிற பழக்கம் வந்துவிட்டது. ஆனால் ஒரு தடவைகூட நான் சுட்டதில்லை. காட்டுப்பன்றி விரட்டுகிற ஒற்றைக்குழல் துப்பாக்கி என்றால் எனக்குப் பயம் கிடையாது. நடுவில் மடித்தால் குழலின் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வெளிச்சம் தெரியும். உள்ளே ஒன்றுமில்லை என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். பிஸ்டல் அப்படியல்ல. அது எப்போதும் வாயை மூடிக்கொண்டே இருக்கும். மனதில் என்ன வைத்திருக்கிறது என்று முகத்தில் காட்டாத ஆள் மாதிரி.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவர் எங்கள் கடைக்கு வாடிக்கைக்காரர். பழைய போர் ஆயுதங்களைச் சேகரிப்பதில் அவருக்கு ஒரு பைத்தியம். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கவுண்டர் வீட்டில், முதல் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் பிஸ்டல் இருப்பதாக அவர் காதுக்கு எட்டியிருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் அந்த வருடம் சித்திரையில் காலமாகியிருந்தார். ஒன்று, மகன் லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். அல்லது லைசென்ஸ் உள்ள யாருக்காவது விற்க வேண்டும். விற்றுவிடலாம் என்றுதான் மகனுக்கு எண்ணம். பிஸ்டல் அசல்தானா, பாகங்களின் எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, யாராவது மெருகு போட்டுக் கெடுத்துவிட்டார்களா, என்ன விலை பெறும் என்று பார்த்துச் சொல்லும்படி ஏற்காட்டுக்காரர் எங்கள் முதலாளியிடம் கேட்டுக்கொண்டார். இதற்குப் போக வேண்டியவர் துப்பாக்கி பழுது பார்க்கிற கடை மிஸ்திரி. அவர் காய்ச்சலில் படுத்திருந்ததால் நான் போனேன்.

பஸ் நின்ற இடத்தில் வில்வண்டி பூட்டிக்கொண்டு மகன் கவுண்டரே காத்திருந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். சிரித்த முகம், வாய் ஓயாத பேச்சு. வண்டி நகர்ந்ததுமே அப்பாவின் கதையை ஆரம்பித்துவிட்டார். பெரியவர் அந்தப் போரில் பட்டாளத்துக் கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு ஆப்பிரிக்கா வரை போனவராம்.

"அங்க ஜெர்மன்காரன் ஒருத்தன் கையைத் தூக்கிட்டு நின்னப்ப எங்கய்யன் புடுங்குனதும்பாருங்க. இன்னொரு நாளைக்குக் கேட்டா, தொரை ஒருத்தர் சந்தோசமா குடுத்ததும்பாரு. கேக்கறது சம்பந்தி ஊட்டு ஆளா இருந்தா, செத்துக் கெடந்தவன் இடுப்புல இருந்து எடுத்ததா ஆயிரும்" என்றார்.

"எது நிஜம்?" என்று கேட்டேன்.

"மூணுமே நெசமுங்க. யாருகிட்டச் சொல்றாரோ அதைப் பொறுத்து."

நானும் சிரித்தேன். அந்தப் பயணத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வீடு பெரிய வீடு. உள்கூடத்தில் ஒரு சுவரை ஒட்டி நிலக்கடலை மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. எதிர்ச்சுவரில் சாமி மாடம். அதன் முன்னால் ஒரு மணைப்பலகை, அதில் புதுத் துண்டு விரித்து, அதன் மேல் அந்தப் பிஸ்டல் கிடந்தது.

பிஸ்டல் கிடந்தது என்று சொல்வதைவிட, பிஸ்டல் வடிவத்தில் ஒரு சந்தனக்கட்டி கிடந்தது என்று சொல்லலாம். இந்த வருடத்துச் சந்தனம் வெளிர் மஞ்சளாக மேலே. அதன் அடியில் பழைய வருடங்களின் சந்தனம் பழுப்பும் கறுப்புமாகப் பொருக்குத் தட்டியிருந்தது. பிடியில் மூன்று இடத்தில் குங்குமம். ஆனாலும் சாய்ந்த பிடி, மெல்லிய குழல், பின்புறம் இரு பக்கமும் காது மாதிரி நிற்கிற இரண்டு உருண்டைக் குமிழ்கள் இவற்றைப் பார்த்ததுமே எனக்கு ரகம் தெரிந்துவிட்டது. லூகர் என்கிற ஜெர்மன் ராணுவப் பிஸ்டல். அந்தக் குமிழ்களைப் பிடித்துப் பின்னால் இழுத்தால், அதன் மேல்பகுதி முழங்கால் மடிவது போல மேலே மடிந்து, தோட்டா இருக்கும் அறை திறக்கும். படத்தில்தான் பார்த்திருந்தேன். கையில் தொடுவது அதுதான் முதல் தடவை.

வெளிச்சத்துக்கு வெளியே எடுத்துப் போகலாமா என்று கேட்டேன். கவுண்டரின் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை.

"பூசையில வெச்சதை வெளிய கொண்டுபோயித் தொடைக்கறது ஆகாதுங்க. சாமி முன்னாடியே வெச்சுப் பாத்துக்கங்க" என்றார்.

நான் வேதக்காரன், கிறிஸ்தவன், நான் தொட்டுச் சந்தனத்தைத் துடைப்பதில் அவர்களுக்குச் சங்கடம் இல்லையே என்று தயங்கியபடி கேட்டேன். "அதுக்கென்னுங்க, எல்லாம் சாமிதான். செருப்பை மட்டும் வெளிய உட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, கற்பூரம் ஒன்றைக் காட்டி எடுத்த பிறகு என்னை உட்காரச் சொன்னார். அவரும் அவருடைய கடைசிப் பெண்ணும் கடலை மூட்டைகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பெண்ணுக்கு எட்டு வயது இருக்கலாம். பூஜை லீவு இன்னும் முடியவில்லை போலும். மூத்த பையன் சேலத்தில் காலேஜில் படிக்கிறான் என்றார்கள்.

எங்கள் கடையில் ஒரு கண்டிப்பு உண்டு. எந்தத் துப்பாக்கி வந்தாலும், முதலாளியே கொண்டுவந்தாலும், அறையைத் திறந்து கண்ணால் பார்க்கும் வரை அது நிரம்பிய துப்பாக்கிதான். அதுவரை குழலை மணல்பெட்டிப் பக்கம்தான் வைக்க வேண்டும். இங்கே மணல்பெட்டி இல்லை. ஆள் இல்லாத பக்கச்சுவரைப் பார்த்துக் குழலைத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

தோட்டா அடைக்கும் கூடு பிடிக்குள் இல்லை. அது தோல் உறையோடு தனியாக ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. காலியாக இருந்தது.

"குண்டையெல்லாம் எங்கய்யன் கப்பல்லயே எடுத்துக் கடல்ல போட்டுட்டாருங்க. அந்தக் குண்டு நம்ம பக்கம் எங்கயும் கெடைக்காதாமா. ஒரு நாளும் சுட்டதில்லை. பேருக்குத்தான் துப்பாக்கி" என்றார் கவுண்டர்.

குமிழ்களைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. துரு ஏறக் கூடாதென்று வருடா வருடம் விளக்கெண்ணெய் ஊற்றி, அதன் மேல் சந்தனம் அப்பி, எல்லாம் சேர்ந்து அரக்கு மாதிரி இறுகியிருந்தது. நான் மண்ணெண்ணெய் கேட்டேன். ஒரு கிண்ணத்தில் வந்தது. துணியில் நனைத்துப் பிழிந்து, சந்து பொந்துகளில் சொட்டவிட்டு ஊறட்டும் என்று பலகையில் வைத்துவிட்டு, தெரிகிற எண்களைக் குறித்துக்கொள்ளத் தொடங்கினேன். இந்த ரகத்தில் பெரிய பாகங்களில் முழு எண்ணும், சின்னச் சின்னப் பாகங்களில்கூட அதன் கடைசி இரண்டு இலக்கமும் பொறித்திருப்பார்கள். ஒன்று மாறியிருந்தாலும் சேகரிப்பவர்களுக்கு அது பாதி விலைதான். நான் துடைத்துப் பார்த்த ஒவ்வொன்றிலும் எண் பொருந்தியது. சந்தனம் உரிந்த இடங்களில் இரும்பு கருநீலமாக, நேற்று பட்டறையிலிருந்து வந்தது போல மின்னியது. ஒரு மெருகு இல்லை, ஒரு உரசல் இல்லை. ஏற்காட்டுக்காரர் என்ன சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

"என்னுங்க, தேறுமா?" என்றார் கவுண்டர்.

"நல்ல ஜோடிக் காங்கேயம் காளை வாங்கலாம். பேரம் பேசினால் வண்டியும் சேர்த்து" என்றேன்.

"கேட்டுக்க. எங்கய்யன் கொண்டாந்ததை இரும்புக் கடைக்குப் போடச் சொன்னியே" என்று மனைவியைச் சீண்டினார்.

"நான் ஏன் சொல்றேன். தேளு கெடக்கற மாதிரி கெடக்குது, எதுக்கு அதுன்னு கேட்டேன்" என்றார் அந்த அம்மா.

மண்ணெண்ணெய் ஊறுகிற நேரத்தில் கவுண்டர் அந்தப் பழக்கத்தைப் பற்றிச் சொன்னார். ஆயுத பூஜைக்கு வைத்த சாமான்களை மறுநாள் விஜயதசமியில் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தடவையாவது வேலை வாங்க வேண்டும். எங்கள் கடையிலும் செய்வோம். பட்டறை அரத்தை எடுத்து மிஸ்திரி ஒரு இரும்பை நாலு இழுப்பு இழுப்பார்.

"ஏரை ரெண்டு சால் ஓட்டுவோமுங்க. அரிவாள்ல நாலு கருது அறுப்போம். வண்டியை எலுமிச்சங்கா மேல ஏத்துவோம். இது மட்டும் சும்மா கெடந்தா நல்லாருக்குமுங்களா? அதுக்கு எங்கய்யன் ஒரு வழி வெச்சிருந்தாரு. ஊட்டுல அப்ப யாரு கடைசிக் கொழந்தையோ அது கையில இதைக் குடுத்து, விசையை ஒருக்கா இழுக்கச் சொல்லுவாரு. நானும் இழுத்திருக்கறேன். அப்புறம் என் தம்பி. அப்புறம் பெரியவன். இப்ப இந்தப் பாப்பா."

"எந்தப் பக்கம் பார்த்து?" என்று கேட்டேன்.

"சாமிக்கு நேரா நீட்டலாமுங்களா? பாவமுல்ல? திரும்பி நின்னு எங்க பக்கமா நீட்டச் சொல்லுவாரு. நாங்கெல்லாம் எதுக்க வரிசையாக் கும்புட்டுட்டு நிப்போம்."

"எனக்கு ரெண்டு கையால இழுத்தாக்கூட வரலைங்க" என்றாள் அந்தச் சின்னப் பெண்.

ஆட்கள் நிற்கிற பக்கமாக நீட்டுவதா என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் காலிக் கூடு என் முன்னால் கிடந்தது. பெரியவர் பட்டாளத்துக்காரர், தெரியாமலா செய்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பிஸ்டலை மறுபடி கையில் எடுத்து மேல்பகுதியைத் துடைத்தேன்.

அறைக்கு மேலே, அரிசி நீளத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அறை காலியாக இருந்தால் அது மட்டமாகப் படுத்திருக்கும். உள்ளே தோட்டா இருந்தால் அதன் முனை மேலே தூக்கி நிற்கும், பக்கவாட்டில் ஒரு ஜெர்மன் வார்த்தை தெரியும். இருட்டில்கூடச் சிப்பாய் விரலால் தடவித் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக வைத்தது. கடையில் இருந்த பழைய விலைப்பட்டியலில் இதைப் படித்திருந்தேன். நான் துடைக்கத் துடைக்கச் சந்தனம் சேறாகக் கரைந்து வழிந்தது. அந்தத் தகடு வெளியே வந்தது. பக்கவாட்டில் எழுத்துகள் தெரிந்தன. சந்தனம் அடைத்துக்கொண்டதால் தூக்கி நிற்கிறதோ என்று நகத்தால் சுரண்டினேன். கீழே ஒன்றும் அடைத்திருக்கவில்லை. அது தானாகவே தூக்கி நின்றது.

இடது பக்கம், விசையைப் பூட்டி வைக்கும் நெம்புகோலைத் துடைத்தேன். பூட்டியிருந்தால் அதன் அருகே இன்னொரு வார்த்தை தெரிய வேண்டும். தெரியவில்லை. நெம்புகோல் அந்த இடத்தை மறைத்துக்கொண்டு நின்றது. அதாவது பூட்டவில்லை.

அப்போதுதான் என் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. இத்தனை வருடமும் அந்த விசையை அசையவிடாமல் பிடித்து வைத்திருந்தது அந்தச் சந்தனமும் விளக்கெண்ணெயும்தான். அதைத்தான் நான் கால்மணி நேரமாக மண்ணெண்ணெய் விட்டுக் கரைத்துக்கொண்டிருந்தேன்.

இருந்தாலும் நிச்சயம் செய்துகொள்ளாமல் ஒரு வீட்டைப் பதறவைக்கக் கூடாது என்று தோன்றியது. என் சுபாவம் அது. குழல் சுவரைப் பார்த்திருக்கும்படி பிஸ்டலைப் பலகையில் மெல்ல வைத்துவிட்டு, பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுக்கத் திரும்பினேன். பையின் வார் இறுகியிருந்தது, உடனே அவிழவில்லை.

"பாப்பா சொல்றது நெசமுங்க. எனக்கே அசையாது. பாருங்க" என்ற குரல் கேட்டுத் திரும்பினேன்.

கவுண்டர் பிஸ்டலை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். பழக்கம் அவரை அறியாமலே அவரைத் திருப்பியது. சாமி மாடத்துக்கு முதுகைக் காட்டி, கடலை மூட்டைகளின் பக்கமாகக் கையை நீட்டினார். அங்கே அவர் மனைவியும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் விரல் விசையில் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் இழுத்தார்.

விசை வழுக்கிக்கொண்டு கடைசி வரை போயிற்று.

ஒன்றும் நடக்கவில்லை.

"அட, இன்னைக்கு அசையுதுங்களே" என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னவர், இன்னொரு தடவை இழுக்க விரலை வளைத்தார். நான் எப்படி எழுந்தேன் என்று தெரியாது. அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே அழுத்தினேன். மண்ணெண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்தது. "விரலை எடுங்க, விரலை எடுங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அவர் பயந்துபோய் எடுத்துவிட்டார்.

அந்த அம்மா கத்தவில்லை. பெண்ணின் முகத்தைத் தன் வயிற்றோடு திருப்பி அணைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துத் தணிந்த குரலில் கேட்டார்.

"உள்ள இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"எப்ப இருந்து?"

"ஆப்பிரிக்காவிலிருந்து" என்றேன்.

பெரியவர் கூட்டைக் கழற்றிக் குண்டுகளைக் கடலில் போட்டது உண்மையாகத்தான் இருக்கும். கூட்டிலிருந்து ஒரு தோட்டா முன்பே அறைக்குள் ஏறியிருந்ததை அவர் பார்க்கவில்லை. கழுதை ஓட்டப் போனவருக்கு அந்தப் பிஸ்டலைப் பற்றி யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

அப்படியே வைத்துவிட்டு, மிஸ்திரி தேறியதும் அழைத்து வரலாமா என்று யோசித்தேன். அந்த அம்மா, "இதை ஊட்டுக்குள்ள வெச்சுட்டு நான் எப்படிங்க அடுப்பு பத்த வெப்பேன்" என்றார். பஸ்ஸில் கொண்டு போவதையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பூஜையில் வைத்ததை வெளியே கொண்டுபோவது ஆகாது என்ற பேச்சே இப்போது எழவில்லை. கிணற்றடியில், தூர் வாரிக் கொட்டிய மண் ஆள் உயரத்துக்கு மேடாகக் கிடந்தது. எல்லோரையும் மாட்டுக் கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டு, பிஸ்டலை இரண்டு கையாலும் ஏந்தி, குழலைத் தரைக்குக் காட்டியபடி நடந்தேன். ஐம்பது அடி இருக்கும். வெயில் நெற்றியில் இறங்கியது. கண்ணில் வியர்வை விழுந்தும் துடைக்க ஒரு கையை எடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

மண்மேட்டின் முன்னால் முழங்காலிட்டு, குழலை ஈரமண்ணுக்கு நேராக நீட்டிக் குமிழ்களைப் பிடித்தேன். மாதாவை நினைத்து ஜெபம் ஆரம்பித்தேன். சிறு வயதிலிருந்து தினமும் சொல்லுகிற ஜெபம், இரண்டாவது வரி ஞாபகம் வரவில்லை. என் மனைவியிடம் இன்று எங்கே போகிறேன் என்று சரியாகச் சொல்லிவிட்டு வந்தேனா என்ற யோசனைதான் வந்தது. முதல் இழுப்புக்கு அசையவில்லை. இரண்டாவது இழுப்புக்கு ஒரு மயிரிழை நகர்ந்து நின்றது. அந்த நிலையில் விடவும் முடியாது, இழுக்கவும் பயம். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தேன். மேல்பகுதி சட்டென்று மடிந்து மேலே எழும்பியது. பச்சைக் களிம்பு பிடித்த ஒன்று தெறித்துச் செம்மண்ணில் விழுந்தது.

குழலுக்குள் பார்த்தேன். மறுமுனையில் வானம் வட்டமாகத் தெரிந்தது.

கவுண்டர்தான் முதலில் வந்தார். பின்னால் மனைவியும் பெண்ணும். அவர் குனிந்து தோட்டாவை எடுத்து, வேட்டி நுனியில் களிம்பைத் துடைத்து, உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"அடியில இந்தக் குழி என்னுங்க?"

நான் வாங்கிப் பார்த்தேன். தோட்டாவின் அடியில், நடுவில் இருக்கும் சின்ன வெடிக் கேப்பில் ஒரு பள்ளம். கடுகு விழுந்து பதிந்தது போல, மேலோட்டமாக. அது என்ன என்பது எனக்குத் தெரிந்தது. தயாரிக்கும்போதே இருப்பது என்று சொல்லியிருக்கலாம். அந்தக் குடும்பம் அன்று ராத்திரி தூங்கியிருக்கும். ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன். விசையை இழுத்தால் உள்ளே ஒரு ஊசி பாய்ந்து அந்த இடத்தில் அடிக்கும். பலமாக அடித்தால் வெடிக்கும். இதில் ஊசி ஏற்கெனவே ஒரு தடவை அடித்திருக்கிறது, மெதுவாக. ஒரு தடவை பாய்ந்துவிட்ட ஊசி, மேல்பகுதியை மறுபடி இழுத்தால்தான் திரும்பப் பாயும். அதனால்தான் இன்று நீங்கள் இழுத்தபோது ஒன்றும் ஆகவில்லை.

"அப்ப, முன்னாடியே ஒருக்கா..." என்றவர் முடிக்கவில்லை.

"ஆமாங்க."

"எப்பங்க?"

"எனக்குத் தெரியாதுங்க. ஏதோ ஒரு விஜயதசமியில்."

பக்கத்துத் தோட்டத்தில் கவலை இறைக்கிற மாட்டின் மணி கேட்டது. பிறகு அந்த அம்மா, யாரிடமும் என்றில்லாமல் சொல்ல ஆரம்பித்தார். "நான் இந்த ஊட்டுக்கு வந்த வருசம் கொழுந்தனாருதான் இழுத்தாரு. பத்து வயசுப் பையன். நான் முதல் ஆளா நின்னேன். அடுத்த வருசம் பெரியவன் வயித்துல."

"எனக்கு எதுக்க எங்காத்தா நிப்பா" என்றார் கவுண்டர்.

"பெரியவன் இழுத்தப்ப நீங்க. அந்த ஒரு வருசம் என்னமோ சத்தம் கேட்டுச்சுன்னு அவன் சொல்லலை?"

"உடு புள்ளே. எந்த வருசம்னு தேடாதே. எல்லா வருசமும்னு வெச்சுக்க."

அப்போது அந்தச் சின்னப் பெண் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "நான் இழுத்ததாங்கய்யா?" என்று கேட்டாள்.

அவர் உட்கார்ந்து அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "இல்ல சாமி. உனக்குத்தான் அது அசையவே இல்லையே" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நானும், "ஆமாம், பாப்பா இல்லை" என்றேன். எனக்கு அது தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனால் இரண்டு பேரும் தயங்காமல் சொன்னோம்.

அன்று சாயங்காலமே அவர் லைசென்ஸையும் பிஸ்டலையும் எடுத்துக்கொண்டு என்னோடு சேலம் வந்து கடையில் ஒப்படைத்தார். வழியில் ஒரு கதையும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து வேலைக்கு வந்த மிஸ்திரி பிஸ்டலைப் பிரித்தார். ஊசி ஓடுகிற பொந்துக்குள் எண்ணெயும் சந்தனமும் சேர்ந்து மெழுகு மாதிரி அடைத்திருந்ததாம். அதில் முட்டித்தான் ஊசி வேகம் இழந்திருக்கிறது. ஆகவே, ஆப்பிரிக்காவில் அல்ல, சந்தனம் பூசிய பிறகு, அந்த வீட்டில்தான் அது அடித்திருக்கிறது என்றார். பிறகு தோட்டாவின் குண்டைக் குறட்டால் பிடுங்கி, உள்ளே இருந்த மருந்தை ஒரு ஓட்டின் மேல் கொட்டித் தீக்குச்சியைக் காட்டினார். நமத்துப் போயிருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். சுர்ரென்று ஒரே சுடராக எரிந்து அடங்கியது.

ஏற்காட்டுக்காரர் நான் சொன்ன விலைக்கு மேலேயே கொடுத்து வாங்கிக்கொண்டார். எண்ணெயும் சந்தனமும் காத்ததால்தான் அந்தக் கருநீலம் கெடாமல் இருக்கிறது, இந்த நிலையில் ஒரு லூகர் இந்த நாட்டில் கிடைப்பது அபூர்வம் என்று எனக்கு விளக்கினார். நான் தலையாட்டினேன். அந்தக் கூடத்தில் யார் எங்கே நிற்பார்கள் என்பதுதான் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மறு வருடம் கவுண்டர் ஒரு கூடை கடலையோடு கடைக்கு வந்தபோது, இந்தத் தடவை பாப்பா அரிவாளால் நாலு கருது அறுத்ததாகச் சொன்னார்.

தினமும் படுக்கப் போகுமுன் அன்றைய நாளைப் பற்றி நாலு வரி டைரியில் எழுதுவது என் வழக்கம். பெரும்பாலான நாட்களில் 'இன்று விசேஷம் ஒன்றுமில்லை' என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. அந்த ஊசி பாய்ந்த விஜயதசமியன்று சாயங்காலம் அந்த வீட்டில் யாரைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். எனக்கும் அப்படிச் சில நாட்கள் வந்து, நான் பார்க்காமலேயே என்னைத் தாண்டிப் போயிருக்க வேண்டும் என்று தோன்றுவதால், அந்த வரியை எழுதி முடித்ததும் ஒரு நன்றியைச் சொல்லாமல் இப்போதெல்லாம் நான் பேனாவை மூடுவதில்லை.